வெக்கையா, ஆட்டுக்கொல்லியா?

1942ஆம் ஆண்டு. பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த ஐவரி கோஸ்டில் ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. கடுமையான காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், கடைசியில் நிற்காத கழிச்சல். மாடுகளை வாரிக்கொண்டுபோகும் வெக்கை நோயின் அறிகுறிகள் அப்படியே ஆடுகளிடம் தெரிந்தன. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வெக்கை புதிதும் அல்ல. இதுவும் அதுவே என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கார்கடென்னெக், லலான் என்ற இருவர் மட்டும் ஒரு விஷயத்தில் நின்றார்கள். செத்துக்கொண்டிருந்த ஆடுகளோடு ஒன்றாக இருந்த மாடுகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மாட்டைத் தொடாத வெக்கை எப்படி வெக்கையாகும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் பி.பி.ஆர். என்ற தனி நோய் கால்நடை மருத்துவ நூல்களுக்குள் நுழைந்தது. தமிழில் அது ஆட்டுக்கொல்லி நோய். அந்த வைரஸ் வெக்கை வைரஸின் திரிபு அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ் என்று வகைப்பாட்டில் உறுதியாக 1979 வரை ஆனது. மனிதரின் தட்டம்மை, நாய்களின் டிஸ்டெம்பர், மாடுகளின் வெக்கை ஆகிய மூன்றும் அடங்கிய மார்பிலி வைரஸ் பேரினத்தில் இது நான்காவதாகச் சேர்ந்தது.

கால்நடை மருத்துவத்தில் தொற்றுநோயைப் புரிந்துகொள்ள வெக்கை, ஆட்டுக்கொல்லி என்ற இந்த இரட்டையர்களைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. நோய்க்குச் சரியான பெயர் சொல்வது சிகிச்சைக்கு முன்னால் செய்யும் சடங்கு அல்ல. எந்தத் தடுப்பூசியை எந்த விலங்குக்குப் போடுவது, எந்தச் சந்தையை மூடுவது, ஒரு நாடு எப்போது ‘எங்களிடம் நோய் இல்லை’ என்று அறிவிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தவை. வெக்கை பூமியிலிருந்து ஒழிந்ததில் தடுப்பூசிக்கு இருக்கும் பங்கை எல்லோரும் சொல்கிறார்கள். நோயறியும் சோதனைக்கும் அதே அளவு பங்கு உண்டு.

தொற்று வேறு, நோய் வேறு

ஒரு நுண்ணுயிர் உடலுக்குள் நுழைந்து பெருகினால் அது தொற்று. அதனால் உடல் கெட்டு அறிகுறி தெரிந்தால் அது நோய். முதலாவது நடந்தால் இரண்டாவது நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. நீலநாக்கு நோய் வைரஸ் செம்மறிகளை நாக்கு வீங்கி, முகம் வீங்கி, குளம்பின் விளிம்பு சிவந்து நொண்ட வைக்கும். அதே வைரஸ் வெள்ளாட்டிலும் மாட்டிலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துபோகும். அறிகுறி இல்லாத அந்த விலங்கின் ரத்தத்தைக் குடித்த சிறு பூச்சி அடுத்த செம்மறியைக் கடித்தால் சங்கிலி தொடரும்.

எல்லாத் தொற்றும் ஒட்டுவாரொட்டியும் அல்ல. ரண ஜன்னி காயத்தின் வழியே நுழைவது. பக்கத்து ஆட்டுக்குப் பரவாது. அடைப்பானின் விதைமணிகள் பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து, மேயும் மாட்டின் வாய்வழி உள்ளே போகின்றன. ஆட்டுக்கொல்லி வைரஸோ மூச்சுக்காற்றிலும் சளியிலும் சாணத்திலும் வெளியேறி, நெருங்கி நிற்கும் ஆட்டைப் பிடிக்கிறது. உடலுக்கு வெளியே வெயிலில் அது நீண்ட நேரம் தாங்குவதில்லை. எனவே அதற்குச் சந்தை வேண்டும், கிடை வேண்டும், லாரியில் நெருக்கி ஏற்றிய ஆடுகள் வேண்டும்.

நோய்க்காரணி, அதற்கு இடம்கொடுக்கும் ஓம்புயிர், இரண்டும் சந்திக்கும் சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது கால்நடை மருத்துவத்தின் அடிப்படை. தமிழ்நாட்டில் நீலநாக்கு நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதற்குக் காரணம், அதைப் பரப்பும் பூச்சி ஈரத்தில் பெருகுவதே. நோய் எந்த மாதம் வந்தது, எந்த வயது ஆட்டைப் பிடித்தது, கடைசியாக எந்தச் சந்தையிலிருந்து ஆடு வாங்கினார்கள் என்று மருத்துவர் கேட்பது பேச்சு வளர்க்க அல்ல. ஆய்வகத்துக்கு முன்பே நடக்கும் முதல் சோதனை அது.

ஆட்டுக்கொல்லியில் கிருமி நுழைந்து பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாட்களில் காய்ச்சல் ஏறும். உடல் வெப்பம் 40, 41 டிகிரி செல்சியஸைத் தொடும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீராக வழிவது பிறகு கெட்டியாகி, நாசித் துளையை அடைத்துப் பொருக்காகும். ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் தோல் உரிந்து தவிடு ஒட்டியதுபோல் இருக்கும். அடுத்துக் கழிச்சல், நுரையீரல் அழற்சி, சினை ஆடுகளில் கருச்சிதைவு. இதற்கு முன் இந்த வைரஸைப் பார்த்திராத மந்தையில் ஏறக்குறைய எல்லா ஆடுகளும் படுத்துவிடக்கூடும்.

இந்த அறிகுறிகளைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் வேறு நோய்க்கும் சொந்தம். வாய்ப்புண்ணும் எச்சிலும் கோமாரியிலும் உண்டு. ஆனால் அங்கே குளம்பிடுக்கிலும் புண் இருக்கும், கழிச்சல் இருக்காது. உதட்டில் கரடுமுரடான பொருக்கு மட்டும் இருந்து ஆடு நன்றாக நடமாடினால் அது வேறு வைரஸால் வரும் வாய்ப்புண் நோயாக இருக்கலாம். இருமலும் மூச்சுத் திணறலும் மட்டும் என்றால் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாக்களை நினைக்க வேண்டும். தோலில் முண்டு முண்டாக எழும்பினால் ஆட்டம்மை. இப்படிச் சந்தேகப் பட்டியல் ஒன்றைப் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவதுதான் களத்தில் நோயறிதல். வெக்கையையும் ஆட்டுக்கொல்லியையும் மட்டும் இந்த முறையால் ஆட்டிடம் பிரிக்க முடியவில்லை.

மாடு செத்தால் பேரரசும் ஆடும்

வெக்கை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பெயர் ஏன் இவ்வளவு அச்சத்தை உண்டாக்கியது என்பது புரியும். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைக் குளோத் பூர்ழெலா 1761-62இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியதற்கு இந்தக் கொள்ளைநோய் பெரிய காரணம். 1890களில் அது ஆப்பிரிக்காவின் கிழக்கிலிருந்து தெற்கு முனைவரை இறங்கியபோது பல பகுதிகளில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் மடிந்தன. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பெரும் பஞ்சம் வந்தது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அங்கிருந்து வெக்கை பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1924இல் பாரிசில் உலகக் கால்நடை நல அமைப்பு உருவானது.

ராபர்ட் கோக் 1896இன் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிக்கு வெக்கையை ஆராயப் போனார். நோயுற்ற விலங்கிலிருந்து கிருமியைப் பிரித்தெடு, தனியாக வளர், நலமான விலங்குக்குக் கொடு, அதே நோய் வருகிறதா பார், மீண்டும் அந்தக் கிருமியை எடு என்ற நிரூபண முறையை உலகுக்குச் சொன்னவர் அவர். வெக்கையில் அந்த முறை முதல் படியிலேயே தடுக்கிவிட்டது. நுண்ணோக்கியில் எதுவும் தெரியவில்லை, ஊட்டக் கரைசலில் எதுவும் வளரவில்லை. செத்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போட்டால் ஓரளவு காப்பு கிடைக்கிறது என்று மட்டும் அவர் கண்டார். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் ஏதோ ஒன்றே காரணம் என்று 1902இல் துருக்கியில் மோரிஸ் நிக்கோலும் ஆதில் பே என்பவரும் காட்டினார்கள். வைரஸ் என்ற எண்ணமே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் இதற்கான ஆய்வகம் 1889இல் புனேயில் தொடங்கி, 1893இல் இமயமலையின் முக்தேஸ்வருக்கு மாறியது. ஆபத்தான கிருமியை ஊரிலிருந்து விலக்கி வைக்க மலை வசதியாக இருந்தது. 1920களில் அங்கே ஜே.டி. எட்வர்ட்ஸ், வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு அடுத்தடுத்துச் செலுத்தி அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1960 வாக்கில் கென்யாவில் வால்டர் பிளோரைட் திசு வளர்ப்பில் உருவாக்கிய தடுப்பூசி இன்னும் பாதுகாப்பானது; ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுவதும் காக்கக்கூடியது.

அரசூர்

இந்தியாவில் செம்மறி, வெள்ளாடுகளுக்கு வெக்கை போன்ற நோய் வரும்போதெல்லாம் அது வெக்கை என்றே பதிவாகிக்கொண்டிருந்தது. நாட்டில் வெக்கை இருந்தது, ஆட்டுக்கும் அது வரும் என்பது தெரிந்திருந்தது, ஐயப்பட ஒன்றுமில்லை. 1987இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில், செம்மறிகளிடையே அதே போன்ற நோய் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலா தமிழகக் கால்நடை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். அது வெக்கை அல்ல, ஆட்டுக்கொல்லி என்று 1989இல் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது அரசூரில்தான்.

பிறகு சில ஆண்டுகள் அது தென்னிந்திய நோயாகவே கருதப்பட்டது. 1990களின் நடுவில் வட மாநிலங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. வைரஸ் தெற்கிலிருந்து வடக்கே பயணம் போயிற்றா, அல்லது ஏற்கெனவே அங்கே இருந்ததைப் பிரித்தறியும் சோதனை அப்போதுதான் போய்ச் சேர்ந்ததா? நோய்ப் பரவல் வரைபடம் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். வரைபடம் காட்டுவது நோய் இருக்கும் இடத்தை மட்டுமல்ல, தேடிப்பார்த்த இடத்தையும்தான்.

பெயர் மாறியதால் என்ன நடந்தது? வெக்கை வைரஸும் ஆட்டுக்கொல்லி வைரஸும் மிக நெருங்கியவை என்பதால் வெக்கைத் தடுப்பூசியே ஆட்டையும் ஆட்டுக்கொல்லியிலிருந்து காத்தது. பல நாடுகளில் அப்படியே போடவும் செய்தார்கள். நடைமுறையில் வசதிதான். ஆனால் வெக்கையை ஒழிக்கும் திட்டம் கடைசிக் கட்டத்தை நெருங்கியபோது அந்த வசதியே தொல்லையானது. ஆட்டின் ரத்தத்தில் வெக்கைக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது ஊசியால் வந்ததா, ஒளிந்திருக்கும் வைரஸால் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. எனவே ஆட்டுக்கென்று தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் நைஜீரியா 75/1 வந்தது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் சுங்ரியில் எடுத்த வைரஸிலிருந்து ஒன்றும், அரசூர் 87, கோயம்புத்தூர் 97 என்ற பெயர்களில் தமிழ்நாட்டில் எடுத்த வைரஸ்களிலிருந்தும் தடுப்பூசிகள் உருவாயின.

எதை எடுப்பது, எப்போது எடுப்பது

ஆய்வக முடிவின் தரத்தில் பாதி ஆய்வகத்துக்கு வெளியே, மாதிரி எடுக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. காய்ச்சல் ஏறியிருக்கும் முதல் நாட்களில் கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் வைரஸ் நிறைய இருக்கும். பஞ்சுக் குச்சியால் அதை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். உறையாத ரத்தமும் அப்போது பயன்படும். கழிச்சல் ஓய்ந்து ஆடு தேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே குச்சி வெறுமையாகத் திரும்பலாம். அப்போது தேட வேண்டியது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியை. முதலில் ஒரு முறையும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் சீரம் எடுத்து, அளவு நான்கு மடங்காவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது பழைய, நம்பகமான வழி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியிடம் ஆன்டிபாடி இருந்தால் அவசரப்படக் கூடாது. அது சீம்பால் வழியே தாயிடமிருந்து வந்திருக்கலாம்.

செத்த ஆட்டை அறுத்துப் பார்ப்பதும் சோதனையே. பெருங்குடலில் வரிவரியாக ரத்தக் கசிவு, நிணநீர்க் கணுக்களின் வீக்கம், நுரையீரலின் அழற்சி ஆகியவை வழிகாட்டும். அடைப்பான் என்று சந்தேகம் வந்தால் மட்டும் கத்தியை எடுக்கவே கூடாது. திறந்த உடலில் காற்றுப் பட்டால் பாக்டீரியா விதைமணிகளாக மாறி அந்த மண்ணைப் பல ஆண்டுகளுக்குக் கெடுக்கும். காதோர ரத்த நாளத்திலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி.

ஆய்வகத்தில் நீண்ட காலம் கைகொடுத்தது அகர் ஜெல் சோதனை. ஜெல்லில் குழி தோண்டி ஒரு பக்கம் மாதிரி, எதிர்ப்பக்கம் ஆன்டிபாடி உள்ள சீரம் வைத்தால் இரண்டும் கசிந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். மலிவானது, ஒரே நாளில் முடிவது. ஆனால் வெக்கையா ஆட்டுக்கொல்லியா என்று அந்தக் கோடு சொல்லாது. வைரஸின் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் கொண்ட எலைசா சோதனை 1990களில் பரவலானபோதுதான் இந்த இரண்டையும் பெரிய எண்ணிக்கையில் பிரிக்க முடிந்தது. பிறகு பி.சி.ஆர். வந்து வைரஸின் மரபுப் பொருளையே படித்துக் காட்டியது.

சோதனை தவறும் கணக்கு

எந்தச் சோதனைக்கும் இரண்டு குணங்கள் உண்டு. நோயுள்ள விலங்குகளில் எத்தனையை அது பிடிக்கிறது என்பது உணர்திறன். நோயில்லாதவற்றில் எத்தனையைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது குறித்தன்மை. இரண்டும் 95 சதவீதம் என்றால் சிறந்த சோதனை என்றே தோன்றும். 10,000 ஆடுகளில் 100க்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சோதனை அந்த 100இல் 95ஐப் பிடிக்கும். தொற்று இல்லாத 9,900இல் 5 சதவீதத்தை, அதாவது 495 ஆடுகளை, தவறாகக் குற்றம் சாட்டும். மொத்தம் 590 ‘பாசிட்டிவ்’ முடிவுகள். அவற்றில் உண்மையானவை 95, ஆறில் ஒன்றுக்கும் குறைவு.

நோய் குறையக் குறைய இந்த விகிதம் இன்னும் மோசமாகும். நோய் முற்றிலும் ஒழிந்துவிட்ட நாட்டில் வரும் ஒவ்வொரு பாசிட்டிவ் முடிவும் பொய்தான். எனவே ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் ஒரே சோதனையை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை. சந்தேக முடிவை வேறு வகைச் சோதனையால் உறுதிசெய்து, அந்த ஆடு வந்த ஊருக்கே போய் மந்தையைப் பார்ப்பார்கள். தனி விலங்கின் முடிவைவிட மந்தையின் முடிவே பொருளுள்ளது.

ஊசியை நிறுத்தும் துணிவு

இந்தியாவில் வெக்கை கடைசியாகப் பதிவானது 1995இல், தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியில். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஒழிப்புத் திட்டத்தின் கடினமான பகுதி. 1954இல் தொடங்கிய தேசியத் திட்டம் பல கோடி மாடுகளுக்கு ஊசி போட்டு நோயை ஒடுக்கியிருந்தது. இப்போது ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மாட்டின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி எதையும் நிரூபிக்காது. நிறுத்திய பிறகு வைரஸ் எங்கேனும் ஒளிந்திருந்தால் காப்பில்லாத மாடுகளிடையே தீயாகப் பரவும். இந்தியா நிறுத்தியது. ஊசி போடாத புதிய தலைமுறைக் கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே வந்தது. உலகக் கால்நடை நல அமைப்பு 2004இல் இந்தியாவை நோயற்ற நாடு என்றும், 2006இல் தொற்றே அற்ற நாடு என்றும் ஏற்றது.

ஆப்பிரிக்காவில் சிக்கல் வேறு வகை. 1994-95இல் கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் காட்டெருமைகளும் குடு மான்களும் செத்தபோது, 1960களுக்குப் பிறகு காணாமல் போனதாக நினைத்த ஒரு வெக்கை வகை வெளிப்பட்டது. சோமாலியாவை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களில் அது மாடுகளிடையே லேசான காய்ச்சலாகவும் சிறு வாய்ப்புண்ணாகவும் மட்டும் உலவி வந்திருந்தது. பாடநூல் அறிகுறிகளை எதிர்பார்த்த கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை. ஆய்வாளர்கள் மேய்ப்பர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் எந்த நோய்க்கு என்ன பெயர் சொல்கிறார்கள், எந்த ஆண்டு எங்கே வந்தது என்று கேட்டுத் தொகுத்தார்கள். மாட்டின் கண்ணீரைக் கொண்டு தொழுவத்திலேயே முடிவு காட்டும் சிறு சோதனைக் கருவியும் துணைக்கு வந்தது. கடைசி வெக்கை வைரஸ் 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் கிடைத்தது. 2011இல் உலகம் வெக்கையற்றது என அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது.

இப்போது குறி ஆட்டுக்கொல்லிமீது. உலக உணவு, வேளாண்மை அமைப்பும் உலகக் கால்நடை நல அமைப்பும் 2015இல் ஐவரி கோஸ்டின் அபிஜானில் கூடி 2030க்குள் அதை ஒழிப்பது என்று இலக்கு வைத்தன. ஐவரி கோஸ்டிலிருந்து தொடங்கிய கதை இன்று ஐரோப்பாவரை போயிருக்கிறது: 2018இல் பல்கேரியா, 2024இல் கிரேக்கமும் ருமேனியாவும். மங்கோலியாவில் 2016-17இல் அழியும் நிலையிலுள்ள சைகா மான்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வைரஸுக்கு ஒரே சீரவகைதான், தேறிய ஆடு அதைச் சுமந்து திரிவதில்லை, நல்ல தடுப்பூசி இருக்கிறது. வெக்கையை ஒழிக்க உதவிய அதே சாதகங்கள்தான் இவை. பாதகம், ஆடுகளின் வேகமான வரத்துப் போக்கு. ஆண்டுதோறும் புதிய குட்டிகள் பிறக்கின்றன, வளர்ந்த ஆடுகள் விற்பனைக்குப் போகின்றன. இன்று ஊசி போட்டு முடித்த கிராமத்தில் அடுத்த ஆண்டே காப்பில்லாத ஆடுகள் ஏராளம் இருக்கும்.

ஊசி போட்ட ஆட்டையும் நோயிலிருந்து தேறிய ஆட்டையும் ஆன்டிபாடியால் பிரிக்கும் தடுப்பூசி இன்னும் களத்துக்கு வரவில்லை. ஆகவே ஆட்டுக்கொல்லியிலும் ஒரு கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டுப் புதிதாகப் பிறந்தவற்றின் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மாட்டு மந்தை முழுதும் புதிய தலைமுறையாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். ஆட்டு மந்தையில் இரண்டு மூன்று ஆண்டுகள் போதும். ஊசி போடுபவருக்குத் தலைவலியாக இருக்கும் அதே வேகம், ஊசியை நிறுத்திய பிறகு நோயில்லை என்று காட்ட வேண்டிய ஆய்வாளருக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைத்துக்கொடுக்கும்.